குளியலறை வைத்த கொட்டகை

விளைநிலத்தில் வீடு கட்டக் கூடாது, மாட்டுக்கொட்டகை கட்டலாம். சட்டம் அப்படிச் சொன்னதால் அவள் கணவன் கொட்டகைக்கு அனுமதி வாங்கி வீட்டைக் கட்டிவிட்டான். கொட்டகைக்கு ஒரு கூடம், இரண்டு அறைகள், வெள்ளை டைல்ஸ் பதித்த குளியலறை.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அண்ணன் வீட்டில்தான் குடியிருந்தார்கள். அங்கே அவள் அழுதால் நாலு பேர் ஏனென்று கேட்பார்கள். சிரித்தால் எட்டுப் பேர். இங்கே வந்த முதல் நாள் படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தனக்குள் இத்தனை யோசனைகள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அதில் பாதி கணவனுக்கு எதிரானவை என்பதும்.

எந்தப் புண்ணியவானோ புகார் கொடுத்துவிட்டான். நில அதிகாரி வருகிறார் என்றதும் கணவன் கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றினான். பக்கத்து வயல்காரரிடம் ஓர் எருமையை இரவல் வாங்கி வந்து கூடத்தில் கட்டினான். ஜன்னலை மட்டும் கவனிக்கவில்லை.

அதிகாரியாக வந்த அம்மாள் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"எருமைக்கு எதுக்குங்க பூப்போட்ட திரை?"

"அதுக்கு வெயில் ஆகாது மேடம். ரொம்ப மென்மையான உடம்பு."

மென்மையான உடம்பு வாலைத் தூக்கிக் கூடத்து டைல்ஸில் சாணி போட்டது.

"குளியலறையில கண்ணாடி வேற இருக்கு. அழகு பாக்குமோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இடித்துவிட்டால் மறுபடி அந்த அண்ணன் வீடு.

"மேடம், இது வீடுதான். நாங்கதான் இருக்கோம்," என்றாள். "இடிக்காம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

"அடிப்பாவி!" என்றான் கணவன்.

அதிகாரி அவளை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். "நிஜமாவே மாடு வளர்த்தா, காவலாள் தங்க ஒரு ரூம் வச்சுக்கலாம். மத்ததெல்லாம் மாட்டுக்கு. கூடத்துச் சுவரை எடுத்துட்டு, டைல்ஸைப் பேத்துட்டு, வடிகால் வைக்கணும். நான் திரும்பத் திரும்ப வந்து பாப்பேன். முடியாதுன்னா மொத்தமா இடிச்சிடுவோம்."

"சாணிக்குள்ள குடும்பம் நடத்தவா?" கணவன் பொங்கினான். "வாடி, அண்ணன் வீட்டுக்கே போயிடலாம். அங்க என்ன குறைச்சல்?"

அதைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். அவள் எருமையைப் பார்த்தாள். உலகமே இடிந்தாலும் எனக்கென்ன என்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வீசும் நாற்றம் பழகிவிடும். இது ஒருநாளும் ஏன் அழுகிறாய் என்று கேட்காது.

"பக்கத்து வயல்காரர் இதை விலைக்குத் தருவாரான்னு கேளுங்க," என்றாள். "நான்தான் காவலாள்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? அப்ப நான்?"

"ரூம் ஒண்ணுதானாம், கேட்டீங்கல்ல? பால் கறக்கக் கத்துக்கிட்டா சொல்லுங்க, யோசிக்கலாம்."

அதிகாரி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவன் எருமையையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தான். இரண்டு முகத்திலும் இரக்கம் தென்படவில்லை.

"வாளி எங்கடி இருக்கு?" என்றான் கடைசியில்.