தளம் போடக் கூப்பிடாத வீடு

எங்கள் மலையில் சூரிய மின்சாரக் கூட்டுறவு ஒன்று ஆரம்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தி மேலே என் வீட்டுக்கு வந்து சேர நாலு மாதம் ஆனது. கீழே குடியிருப்போர் சங்கக் கட்டடத்திலிருந்து என் வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. செய்திக்கும் மூட்டுவலி போலிருக்கிறது.

சங்கத் தலைவர் அடல்பெர்த்து கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "கதவு திறந்தே கெடக்கு, யார் வேணும்னாலும் வரலாம்" என்பார். கூட்டத்தை முதலில் புதன்கிழமை சாயங்காலம் வைத்தார். அன்றைக்குச் சர்ச்சில் ஜெபம், பாதி மலை அங்கே போய்விடும். வெள்ளிக்கு மாற்றினார். வெள்ளை உடுத்திக்கொண்டு முரசடித்துச் சாமி கும்பிடும் எங்களுக்கு அதுதான் நாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கால்பந்து. ஆக எந்தக் கிழமை வைத்தாலும் வந்தது அதே ஏழு பேர், தினமும் அங்கேயே டாமினோ ஆடுகிற ஏழு பேர். அவர்கள் கூடி ஒரு விதி போட்டார்கள்: சூரியத் தகடு வைக்கக் கூரைக்குக் கான்கிரீட் தளம் வேண்டும், அதனால் தளம் இருக்கிற வீடு மட்டும்தான் கூட்டுறவில் சேரலாம். ஏழு பேர் வீட்டிலும் தளம் இருந்தது. மேலே எங்கள் வீடுகளுக்கெல்லாம் தகரக் கூரை.

எனக்கு வந்ததே கோபம்! நான் பாக்கெட் ஐஸ் விற்றுப் பிழைக்கிறவள். 'நெய்டி ஐஸ்' என்றால் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மத்தியானம் கீழே எல்லாரும் ஏசி போட்டால் மேலே கரண்ட் உயிரை விட்டுவிடும். போன கார்னிவல் வாரத்தில் மூன்று நாள் சரக்கு, தேங்காயும் கொய்யாவும், அப்படியே உருகிப் போனது. அழுதுகொண்டே சாக்கடையில் ஊற்றினேன். கூட்டுறவில் சேர்ந்தால் என் ஃப்ரீசர் பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடி ஊரார் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் மாதக் கடைசிச் சனிக்கிழமை. தளம்தானே வேண்டும்? போட்டுவிட்டால் போகிறது! மேலே ஓர் அறை கட்டி வாடகைக்கு விடும் ஆசையில் ஆறு வருஷமாகக் கம்பியும் மணலும் சேர்த்து வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமைக்கே நாள் குறித்தேன்.

எங்கள் மலையில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வராமல் இருக்கலாம், தளம் போடக் கூப்பிட்டு வராமல் இருக்க முடியாது. இன்றைக்கு நீ என் வீட்டுக்கு வாளி தூக்கினால் நாளைக்கு உன் வீட்டுக்கு நான் தூக்குவேன். வீட்டுக்காரி கறுப்புப் பீன்ஸும் பன்றிக்கறியும் போட்டு ஃபெய்ஜோவாடா ஆக்கி வயிறு நிறையப் போடவேண்டும், அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். பாஸ்டரைக் கூப்பிட்டேன், எங்கள் சாமியாடும் அம்மாவைக் கூப்பிட்டேன், காது கேட்காத ஜோசியாசுக்குச் சட்டி தூக்குவது போல் நடித்துக் காட்டினேன்.

அங்கே கீழே தலைவருக்கு வேறு தலைவலி. பணம் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. திட்டம் போட்டபோது யார் யாரெல்லாம் கூட இருந்தார்கள் என்று அதில் எழுதவேண்டும். மனிதர் அசரவில்லை. பெண்கள் என்ற கட்டத்தில் தன் மனைவி, முதியோருக்கு மாமியார், இளைஞருக்கு முப்பத்தெட்டு வயது மச்சான். நடக்க முடியாதவர்கள் என்ற கட்டத்தில் தன் முழங்கால் வலியையே எழுதிக் கொடுத்துவிட்டார்! பணம் கொடுக்கிறவர்கள் அனுப்பிய எஞ்சினியர் பெண் மைரா அதை வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லது. சனிக்கிழமை காலைல கூட்டத்துல இவங்க எல்லாரையும் பாத்துடறேன்" என்றாளாம். இந்தச் செய்தி மட்டும் அன்றைக்கே படியேறி வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் மைராவும் தலைவரும் காலி நாற்காலிகளும்தான். டாமினோ ஏழு பேரும்கூட என் வீட்டில் சட்டி தூக்கிக்கொண்டிருந்தார்கள். படி நெடுக ஆள் நின்று வாளி கைமாறியது. பாஸ்டர் கொடுத்த வாளியைச் சாமியாடும் அம்மா வாங்கினாள். அதைப் பார்க்கவே கண் நிறைந்தது.

பதினொரு மணிக்கு மூச்சிரைக்க இருவரும் ஏறி வந்தார்கள்.

"ஏம்மா நெய்டி, கூட்டத்தன்னிக்கே தளம் போடணுமா?" என்றார் தலைவர்.

"தளம் இல்லன்னா சேத்துக்க மாட்டேன்னது நீங்கதானே தலைவரே? இந்தா, பாதி போட்டாச்சு. எழுதுங்க பேரை."

"இன்னும் காயவே இல்லையே!"

"உங்க மச்சான் இளைஞரா இருக்கும்போது என் ஈரத்தளம் தளமாகாதா?"

சிரிப்பில் வாளி வரிசையே குலுங்கியது. மைரா வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் பேனாவை எடுத்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அடேய், நிறுத்துங்கடா! தண்ணி ஜாஸ்தி! கஞ்சியா காய்ச்சறீங்க? நாலு மாசத்துல பாளம் பாளமா வெடிக்கும்!"

ஒடேத்தி அக்கா. சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்து நாலு வருஷம் ஆகிறது. சக்கர நாற்காலியில் வீட்டோடு கிடக்கிறாள், அந்தப் படியில் ஒருநாளும் இறங்கியதில்லை. அவள் புருஷன் கொத்தனார். முப்பது வருஷம் அவனுக்குக் கலவை போட்டுக் கொடுத்தவள் இவள்தான். ஓடிப்போய்க் கலவையைப் பார்த்தேன். குழகுழவென்று ஓடியது. இன்னும் பத்துச் சட்டி போயிருந்தால் என் ஆறு வருஷமும் மண்ணாய்ப் போயிருக்கும்.

அதற்கப்புறம் அவள் சொல்லச் சொல்லக் கலந்தோம். "ஜல்லி ஒரு சட்டி கூட்டு... போதும்... இப்ப கொட்டு." ஜோசியாஸ் அவள் கையையே பார்த்துக்கொண்டு மண்வெட்டி போட்டான். கையால் பேசுவது அவள் தொழில்போல இருந்தது.

கடைசிச் சட்டி விழுந்ததும் சன்னலண்டை போனேன்.

"அக்கா, நீ மட்டும் இல்லன்னா..."

"நாந்தான் இல்லியே" என்றாள். "எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுன. என் கதவைத் தாண்டித்தானே போன? காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"ஒன்னால வாளி தூக்க முடியாதேன்னு, தொந்தரவு எதுக்குன்னு..."

"அதை நீயே முடிவு பண்ணிட்டியா?"

சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளாக நான் தலைவரை எதற்குத் திட்டினேனோ, அதையேதான் செய்திருந்தேன். அவராவது நடக்க முடியாதவர்கள் கட்டத்தில் ஒரு பொய்யை எழுதி வைத்தார். நான் அந்த இடத்தில் ஆளே இல்லை என்று நினைத்துவிட்டேன். வெட்கமாய் இருந்தது, அழுகையும் வந்தது.

மைரா பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "உங்களுக்கு என்ன வேணும்க்கா?"

"கரண்ட் போனா என் இன்சுலின் கெட்டுப்போகுது. ஆனா எனக்குத் தகரக் கூரை. தளம் போட்டாத்தான் ஆளுன்னா, நான் இந்த ஜென்மத்துல ஆளாக மாட்டேன்."

தலைவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"நெய்டியக்கா தளத்துல எத்தனை தகடு வைக்கலாம்?" என்று பாஸ்டர் கேட்டார்.

"காஞ்சப்புறம் இருபது தாராளமா. அவங்க வீட்டுக்கு நாலு போதும்" என்றாள் மைரா.

"அப்ப இருபதையும் வைங்க!" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என் குரல்! "மேல இருக்கிற தகரக் கூரைக்கெல்லாம் என் தளத்துலேர்ந்து கரண்ட் போகட்டும்."

"மேல ரூம் கட்டணும்னியே நெய்டி?" என்றார் தலைவர்.

ஆறு வருஷ ஆசைதான். ஆனால் விட்ட வார்த்தையை எடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

"கட்டலை. ஒங்க விதியைக் கிழிச்சுப் போடுங்க தலைவரே. தளம் இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க, வீட்டுல ஆள் இருக்கான்னு கேளுங்க. மொதல் பேரு ஒடேத்தி."

"இனிமே கூட்டம் எங்க வைக்கிறது?" என்று தலைவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"எங்க தளம் போடறாங்களோ அங்க" என்றாள் சாமியாடும் அம்மா. எல்லாரும் கை தட்டினார்கள். ஜோசியாஸ் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

மைரா பழைய படிவத்தைத் திருப்பி நீட்டினாள். தலைவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புதுத் தாளில் ஒடேத்தி என்று எழுதினார். அதற்குக் கீழே என் பெயர். நான் முதல் தட்டு ஃபெய்ஜோவாடாவைக் கொண்டுபோய்ச் சன்னல் வழியே அக்காவிடம் நீட்டினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உப்பு கம்மி. ருசி பாக்கவாவது கூப்பிட்டிருக்கலாம்."

உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஓடிப்போய் ஒரு சிட்டிகை எடுத்து வந்து போட்டேன்.