ஈரச் சுவரில் மஞ்சள்

மஞ்சள் நிற்கவில்லை. பூங்கொடி மூன்றாம் தடவையும் குழைத்துப் பூசினாள். மூன்றாம் தடவையும் அது வழிந்து தரைக்கு வந்தது.

"அப்பா, சொவுரு ஈரமா கீதுப்பா."

கோதண்டராமன் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அவனுக்கும் பக்கத்து வீட்டுப் பூபாலனுக்கும் பொதுச் சுவர் அது. நனைந்துதான் இருந்தது. வேண்டா என்ற அவன் மனைவி செத்துப்போன இந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டில் நனைந்தது அது ஒன்றுதான். அவன் கண் நனையவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் சொல்லிப் பார்த்தது, அதுவும் உறைக்கவில்லை.

வருசம் திரும்புவதற்குள் மகள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். அதற்கு முன்னால், பூவோடும் பொட்டோடும் செத்தவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிட வேண்டும். சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புதுப்புடவையும் சோறும் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அவள் வந்து தொட்டுவிட்டுப் போவாள். மூன்று தலைமுறையாக அந்தச் சுவரில்தான் படையல். இடம் மாற்றினால் வருகிறவளுக்கு வழி தெரியாது என்பார்கள்.

பூங்கொடி பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன வேகத்தில் திரும்பினாள்.

"கக்கூஸ் கட்டிகீறாம்ப்பா! நம்ம சொவுத்த கொடஞ்சி பைப்ப வுட்டுகீறான். அந்தத் தண்ணிலயா எங்கம்மா வந்து நிக்கணும்? நீ போய்க் கேளு."

போன மாதம் உளிச் சத்தம் கேட்டது கோதண்டராமனுக்கு ஞாபகம் வந்தது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தான், அவ்வளவுதான். இப்போது கோபத்தைத் தேடிக்கொண்டே போனான். பூபாலன் வீட்டுப் படி ஏறும் வரை அது கிடைக்கவில்லை.

"ஒரு வார்த்த கேக்கலியே பூபாலா."

பூபாலன் தலையைச் சொறிந்தான். "எப்டிண்ணா கேக்கறது? எழவு வுழுந்து வருசம் திரும்பாத வூடு. அங்க வந்து கட்டட வேல பேசுனா நாலு பேரு காறித் துப்ப மாட்டான்? அம்மாவுக்கு வாதம். காலைல தோட்டத்துக் கக்கூஸுக்கு அண்ணிதான் கையப் புடிச்சி இட்டுகினு போவாங்க. அவங்க போனப்புறம் அம்மா ரெண்டு தபா வுழுந்துடுச்சி. நான் இன்னாதான் பண்றது?"

கோதண்டராமனுக்கு இது தெரியாது. விடியலிலேயே லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவன். முப்பது வருசம் குடும்பம் நடத்தியும், பெண்டாட்டி காலையில் எங்கே போய் வருகிறாள் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

"இன்னிக்கி பூரா வால்வ மூடி வெக்கறேண்ணா. படையல் முடியட்டும்," என்றான் பூபாலன்.

பூங்கொடி டேபிள் ஃபேனைச் சுவருக்கு நேராகத் திருப்பி வைத்தாள். மதியத்துக்குள் மஞ்சள் ஒருவாறு ஒட்டியது. கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் மகளோடு வாசலில் நின்றார்கள். அவன் மட்டும் தோட்டத்துப் பக்கம் போய் நின்றான். கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த தோட்டத்தில் பூபாலனின் அம்மா குப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள். வால்வை மூடிவிட்டால் அவள் வேறு எங்கே போவாள்? கல் தடுக்கி ஆடினாள். கோதண்டராமன் வேலியைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நிற்க முடியவில்லை.

"இந்தக் கை இல்ல நைனா. அது அந்தப் பக்கமா வந்து புடிக்கும்," என்றாள்.

பக்கம் மாறிப் பிடித்தான். வேண்டா தினமும் பிடித்த கை. அவன் கண் நனைந்தது. எட்டு மாதம் எங்கேயோ கிடந்துவிட்டு, கக்கூஸுக்குப் போகிற வழியிலா வர வேண்டும் இந்த அழுகை?

வாசலிலிருந்து பூங்கொடி குரல் கொடுத்தாள்.

"அப்பா, கதவத் தொறக்கலாமா?"

"இரும்மா," என்றான். "அம்மாவுக்கு இன்னும் வேல முடியல."