இரண்டு தட்டு, நிறுத்தி ஒன்று

...தட்டாதீர்களே, தயவுசெய்து தட்டாதீர்களே, வாய்விட்டுச் சொல்லவா முடியும், சண்டை முடிந்ததென்று ரேடியோ சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தெருவே தட்டும் கரண்டியுமாக என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது, தம்பியைப் போருக்கு அனுப்பியவளாம் நான், அதனால் முதல் கொண்டாட்டம் என் வீட்டிலாம், ஐயோ, அந்தத் தம்பி இவர்கள் தலைக்கு மேலே பரணில், சுருட்டிய பாய்களுக்குப் பின்னால் குறுகிப் படுத்திருக்கிறான், பட்டாளத்திலிருந்து ஓடிவந்து பதினான்கு மாதம், அவனுக்கும் எனக்கும் உள்ள ஒரே பாஷை இதுதான், கரண்டியால் தட்டில் இரண்டு தட்டு, நிறுத்தி ஒன்று என்றால் யாருமில்லை, சாப்பிட இறங்கி வா... இந்த இரைச்சலில் அது தற்செயலாக விழுந்து தொலைத்தால்? சண்டை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்டா என்று எத்தனை முறை சொன்னேன், என்ன சரியாகும், ஓடிவந்தவர்களை மன்னித்துவிட்டோம் என்று ரேடியோ ஒரு வார்த்தை சொன்னதா? போன வாரம்தானே பாலத்தடியில் ஒருத்தனைப் பிடித்துச் சுட்டார்கள். சிரி, சிரித்துக்கொண்டே நில்.

எதிர்வீட்டு அக்காவுமா வருகிறாள்? அவள் மகனும் என் தம்பியும் ஒரே லாரியில் ஏறிப் போனவர்கள், அவன் செத்த கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டியதே நான்தான், இதே அறையில், இதே தையல் மிஷின் பக்கத்தில்... அவள் கையிலும் ஒரு தட்டு.

"என்னடி மரமாட்டம் நிக்கிற? எம் புள்ளதான் வரமாட்டான், உன் தம்பி வருவான்ல? தட்டுடி!"

தட்டையும் கரண்டியையும் என் கையில் திணித்துவிட்டாள். நான் தட்டுவதைக் கேட்க எல்லோரும் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள், பாவிகள், எதற்கு நிறுத்தினீர்கள்? மூன்று தட்டலாம், பத்து தட்டலாம், நிறுத்தாமல் தட்டினால் போதும், எண்ணாதே, எண்ணினால்தான் வம்பு... பாழாய்ப்போன என் கை, பதினான்கு மாதப் பழக்கம், இரண்டு தட்டி, நின்று, ஒன்று தட்டியது.

மேலே பலகை கிரீச்சிட்டது.

அதற்குள் எல்லோரும் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள், யார் காதிலும் விழவில்லை, அக்காவைத் தவிர. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்.

"என்னடி சத்தம் அது?"

எலிதான்க்கா... நாக்கு நுனிவரை வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. அதை இவளிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டிய அன்று, இதே பலகை கிரீச்சிட்டபோது.