தலைப்பிள்ளை வில்லியம்

வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தியைக் கட்டப்போவதாக அபிஷன் சொன்னபோது ஜெயமலர் அழவுமில்லை, கத்தவுமில்லை. கனடாவில், அவள் இருக்கும் டோர்செட் பார்க்கில் எத்தனையோ தமிழ்த் தாய்மார் கத்திப் பார்த்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவள் மகனிடம் அமைதியாகக் கேட்டாள்.

"ஆரின்ரை பிள்ளை? எந்த ஊர் ஆக்கள்? விசாரிக்காமல் நான் சம்பந்தம் வைக்கமாட்டன்."

பரம்பரை இங்கிலாந்து என்பதற்கு மேல் அந்தப் பெட்டைக்கு ஒன்றும் தெரியாதென்று ஜெயமலர் முன்பே அறிந்திருந்தாள். இந்தக் கேள்வியோடு கதை முடிந்துவிடும் என்பது அவள் போட்ட திட்டம். பக்கத்து நகரமான பிறம்ரனில் இருக்கும் தமையன் இரத்தினவேலும் போனில் மெச்சினார்.

ஹெதர் என்ற அந்தப் பெட்டையோ கேள்வியை மெய்யாகவே எடுத்துக்கொண்டாள். மாரி முழுக்க வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய், பழைய பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். பனி உருகத் தொடங்கிய நாளொன்றில் பிரதிகளோடு வந்து குசினி மேசையில் பரப்பினாள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அபிஷன் தமிழாக்கினான்.

1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், நோர்ஃபோக் பக்கத்துக் கிராமமொன்றில் ஜோன் என்றொரு கூலிக்காரன், மனைவி மார்த்தா, கீழே பிள்ளைகளின் பெயர்கள்; யார் யாருக்குப் பிறந்ததென்று அதில் எழுதவில்லை. மூத்தவன் வில்லியம்தான் பிறகு கனடாவுக்குக் கப்பலேறியவன், ஹெதரின் பூட்டனைப் பெற்றவன். ஆனால் அந்த ஊர்த் தேவாலயப் பதிவில் தம்பி தங்கைகளின் ஞானஸ்நானம் எல்லாம் இருந்தது, வில்லியத்தினுடையது மட்டும் இல்லை.

"அவன் அவர்களுடைய பிள்ளைதானா என்றே தெரியவில்லை, அன்ரி. உங்களுக்கு முழுப் பதில் கொண்டுவர என்னால் முடியவில்லை." மறைத்திருக்கலாம். அவள் மறைக்கவில்லை. அது ஜெயமலரின் மனதில் சுருக்கென்று தைத்தது.

வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது.

"தலைப்பிள்ளையல்லோ? பேறுக்குத் தாய்வீட்டை போயிருப்பாள். மார்த்தா எந்த ஊர்?"

கலியாணப் பதிவில் மார்த்தாவுக்கு வேறு ஊர் போட்டிருந்தது. அந்த ஊர்த் தேவாலயப் பதிவின் சுருள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அது வருமட்டும் ஹெதரைவிட ஜெயமலர்தான் பறந்தாள். "வந்திட்டுதோ?" என்று தானே போன் எடுத்துக் கேட்டாள். வந்த அன்றைக்கு நூலகத்தில் ஹெதருக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள்.

மங்கலான எழுத்துகளுக்குள் ஹெதரின் விரல் ஓரிடத்தில் நின்றது. வில்லியம், ஜோனுக்கும் மார்த்தாவுக்கும் மகன்.

"நான் சொன்னனான் எல்லோ!" என்று ஜெயமலர் போட்ட சத்தத்தில் நூலகமே திரும்பிப் பார்த்தது. ஹெதர் அழுதுகொண்டே சிரித்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது, தன் வீட்டுப் பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததுபோல ஜெயமலருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பின்னேரம் இரத்தினவேல் போன் எடுத்தார்.

"என்ன, அந்த வெள்ளைக்காரப் பெட்டையின்ரை கதை முடிஞ்சுதோ?"

"அவளுக்குப் பேர் ஹெதர், அண்ணை. என்ரை மருமகள். அவளின்ரை பூட்டன்ரை தேப்பன் எந்த வீட்டிலை பிறந்தவர் எண்டு நான் சொல்லுவன். உங்கட மருமோன்ரை பூட்டனுக்கு என்ன பேர்? சொல்லுங்கோ பாப்பம்."