பசுவை விற்கச் சொன்ன நல்ல சேதி

கென்ஜெகுல் உப்புப் போட்ட பால்தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே கூவிக்கொண்டு வந்தாள் ரைகான்.

"சுயுஞ்சு! சம்பந்தி, சுயுஞ்சு!"

நல்ல சேதி கொண்டுவருகிறவர் கூவும் சொல் அது. எங்கள் நரின் மலைப்பக்கத்தில் அதைக் கேட்டால் முதலில் கை பரிசு கொடுக்கும், பிறகுதான் காது கேட்கும். என்ன சேதி என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பது அசிங்கம். கென்ஜெகுல் தோளில் கிடந்த புதுச் சால்வையை உருவி ரைகான் கழுத்தில் போட்டாள். பாலேடு வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரி நான், வாயில் பொரித்த அப்பத்துடன் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கென்ஜெகுலின் மகள் ஐசல்கினை ரைகானின் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. பேரப்பிள்ளை சேதியாக்கும் என்று எனக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"உன் பேரு வந்துடுச்சு சம்பந்தி! தங்கக் கொப்பரைங்கிற கம்பெனியில! பெரிய இடத்துல பேசிச் சேர்த்துட்டேன். ஒரு மாட்டு விலையைப் போடு, நாலே மாசம், அஞ்சு மாட்டு விலையா வரும்!"

கைப்பேசியை நீட்டினாள். திரையில் பச்சை எண் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. எல்லாம் அவளுடைய பணமாம்.

"யாரு கொப்பரை, யாரு அடுப்பு?" என்றேன்.

"உங்களை யாரு கேட்டா அக்கா? டீ ஆறிடும், குடிங்க."

கென்ஜெகுலுக்குப் புருஷன் இல்லை. இருப்பது வெள்ளைநெற்றிப் பசு ஒன்று. பாலும் தயிரும் பாலேடும் விற்றுத்தான் அவள் அடுப்பு எரிகிறது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

ரைகானின் முகம் சுண்டிப்போயிற்று. "சால்வையைக் குடுத்துச் சேதியை வாங்கிட்டே. இப்போ யோசனையா? நல்ல சேதியைக் காறித் துப்புற வீட்டுலதான் என் மகன் பெண்ணெடுத்தான்னு ஊர் பேசட்டும். ஐசல்கின் காதுலயும் விழட்டும். ஞாயித்துக்கிழமையோட கம்பெனிக் கதவை மூடிடுவாங்க, பார்த்துக்கோ."

நீங்களே சொல்லுங்கள், கண்ணுகளா. காசு கேட்டால் இல்லை என்று சொல்லலாம். மகளின் நிம்மதியைக் காட்டிக் கேட்டால் எந்தத் தாய் என்ன சொல்வாள்? பிள்ளை பிறந்தால், போனவன் திரும்பி வந்தால் கூவுகிற சொல். அதை எடுத்துத் தூண்டில் முள்ளில் மாட்டியிருக்கிறான்கள், பாவிகள்!

ஞாயிற்றுக்கிழமை கென்ஜெகுல் பசுவை மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போனாள். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே கூட நடந்தேன். அவள் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே போனாள்.

சந்தை வாசலில் ரைகான் நின்றாள், பக்கத்தில் ஒரு காரும் மார்லென் என்று ஒரு பையனும். கொப்பரைக்கு ஆள் சேர்க்கிறவன். மாடு விற்ற காசை அங்கேயே வாங்கிப் போக வந்திருந்தான். சாணத்துக்கு நடுவே காலில் வெள்ளைச் சப்பாத்து.

மாட்டு வியாபாரி தோசாலி பசுவின் விலாவைத் தட்டிப் பார்த்தான். "இப்படி ஒரு மாட்டை யாராவது விப்பாங்களா? வீட்டுல திருடன் புகுந்துட்டானா?"

"எங்க கம்பெனியில இது நாலே மாசத்துல அஞ்சு மாடாகப் போகுது" என்றாள் ரைகான்.

"நாலு மாசத்துலயா? என்கிட்ட இருக்கிற காளையை அந்தக் கம்பெனிக்குப் பாடம் படிக்க அனுப்பறேன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விலை படிந்தது. தோசாலி கையை நீட்டினான். எங்கள் சந்தையில் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டால் முடிந்தது, பிறகு பேச்சில்லை. கென்ஜெகுலின் கை பாதி தூரம் போய் நின்றது. அவள் மார்லென் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, என் சம்பந்தி பணம் அவ்வளவு ஏறியிருக்கே. அதுல ஒரு ஆட்டு விலை மட்டும் எடுத்து இப்போ அவ கையில குடு. பார்த்துட்டு விக்கிறேன்."

"தாராளமா எடுக்கலாம்மா. கணக்குத் திறப்புக் கட்டணம் மட்டும் கட்டணும்."

"அவ பணத்துலயே கழிச்சுக்கோ."

"அது முடியாதும்மா. வெளியேருந்து வரணும். விதி."

"உள்ள இருக்கிறதும் அவ காசு, வெளிய இருக்கிறதும் அவ காசு. ஏன் முடியாது?"

அவன் சிரித்தான். "உங்களுக்குப் புரியாதும்மா. இது புது மாதிரி பொருளாதாரம்."

"மாடு எனக்குப் புரியும்டா. கறக்கறதுக்கு முன்னாடி வெளியேருந்து ஒரு செம்புப் பால் கொண்டாந்து குடுன்னு எந்த மாடும் கேட்டதில்லை!"

தோசாலி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். ரைகான் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கட்டணத்தை நான் ரெண்டு தடவை கட்டிட்டேன். அப்புறம் மூணு பேரைச் சேர்த்தா திறக்கும்னான். நீதான் மூணாவது."

"அப்போ என் பேரை எங்கேயும் யாரும் எடுக்கலை. நீதான் எடுத்துக் குடுத்திருக்கே. அதுக்கு என் மகளையும் இழுத்தே!"

மார்லென் காருக்குள் ஏறிக்கொண்டான். கென்ஜெகுல் பசுவை இழுத்துவந்து காருக்கு முன்னால் நிறுத்தினாள். அவன் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். பசு அசை போட்டுக்கொண்டு நின்றது. பின்பக்கம் தோசாலி தன் ஆட்டுக் கூட்டத்தையே ஓட்டிவிட்டான்.

சந்தைக் காவலர் வந்தார். "என்ன தகராறு? யாருக்கு நஷ்டம், யாரு புகார் குடுக்கப்போறீங்க?"

"யாருமில்லை சார். எல்லாரும் விரும்பிப் போட்ட பணம்" என்றான் மார்லென், கண்ணாடியை இறக்கி.

கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவர்களும் போட்டவர்கள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஏமாந்தவளுக்கு வெட்கம், ஏமாற்றினவனுக்கு வெள்ளைச் சப்பாத்து! இந்த வெட்கத்தை நம்பித்தானே அவன்கள் கடையே விரிக்கிறான்கள்?

ரைகான் முன்னே வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"புகார் நான் குடுக்கிறேன். இவன்கிட்ட நான் ஏமாந்தேன். என் பேச்சை நம்பி ரெண்டு பேர் ஏமாந்திருக்காங்க. ரெண்டையும் எழுதுங்க."

காவலர் காரின் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முக்காடு போட்டவர்களில் ஒருத்தி ரைகான் பக்கத்தில் வந்து நின்றாள். போன காசில் ஒரு சோம் நாணயம்கூட இன்றுவரை திரும்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதி முடித்ததும் ரைகான் கென்ஜெகுலின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் இன்னிக்கே போகணும். இன்னும் பணம் போட்டுக்கிட்டு இருப்பாங்க. எப்படிப் போவேன்?"

கென்ஜெகுல் கோபம் தணியாமல்தான் பசுவின் கயிற்றைக் கையில் சுற்றினாள்.

"இதைக் கட்டிட்டு வர்றேன், இங்கேயே நில்லு. தனியாப் போனா வாசல்லேயே உதைப்பாங்க உன்னை."