கடைசி ஸ்டேசனின் பின்விளக்கு

அந்த ஸ்டேசனுக்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. ஒரேயொரு பிளாட்போம், அதன் முடிவில் ரயிலை மறிக்கும் இரும்புத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில் கடையின் சுவர். அரைமணிக்கொரு ரயில் வரும். வந்த வழியே திரும்பிப் போகும். தென்லண்டனில் இப்படியொரு ஸ்டேசன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மிச்சம் என்ற ஊர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, துசியந்தி ஒன்பது வருடமாக அங்கே டிக்கெட் கேற்றில் நிற்கிறாள்.

ரயிலை அனுப்பிவைக்கும் வேலைக்கு இரண்டு தரம் சோதனைக்கு நின்று, இரண்டு தரமும் நேரம் போதாமல் தவறியிருந்தாள். மூன்றாவது தரமும் தவறினால் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. காலம் முழுக்கக் கேற்றுத்தான்.

நேரத்தைத் தின்றது அவளுடைய ஒரு பழக்கம். ஜப்பானில் இதே அளவான ஒரு கடைசி ஸ்டேசனை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அங்கே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொன்ன பிறகே ரயிலை விடுகிறார். அதைப் பார்த்த நாள்முதல், பயிற்சியிலும் சோதனையிலும் துசியந்தியும் அப்படித்தான். சிக்னல், ஆக்கள், கதவு, பின்விளக்கு. பின்விளக்கைப் பார்க்கத் தடுப்புவரை நடக்கவேண்டும்.

"அக்கா, இண்டைக்கு மூண்டாவது சோதனை, ஒருநாள் ஜப்பானை வீட்டில விட்டிட்டு வந்திருக்கலாமே," என்றான் டிரைவர் பெனடிக்ற். வந்த பெட்டியிலிருந்து இறங்கி, ரயிலின் மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தான்.

"நீர் ஓட்டுறதை ஓட்டும்."

"சோதிக்க வந்த அம்மா செக்கனுக்குச் செக்கன் எழுதுவா."

"எழுதட்டும். அதுக்குத்தானே சம்பளம்."

"நீங்கள் விரலை நீட்ட நீட்ட, ரயிலோட சண்டை பிடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

"ரயில் திருப்பிக் கதைக்கேல்லைத்தானே. போம்."

சோதிக்க வந்த மிஸ் ஹார்லோ மணிக்கூடும் கையுமாக நின்றாள். துசியந்தி விரலை நீட்டினாள்.

"சிக்னல், பச்சை. ஆக்கள் விலகி நிக்கினம். கதவு, பூட்டியிருக்கு."

புறப்படும் நேரம் வந்துவிட்டது. இப்போதே கையைக் காட்டினால் தேறிவிடலாம். ஒரு கணம் தயங்கினாள். பிறகு தடுப்பை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

சிவப்பு எரியவேண்டிய இடத்தில் வெள்ளை எரிந்தது. வரும்போது முன்விளக்காக இருந்ததை, இறங்கும்போது பெனடிக்ற் மாற்றவில்லை.

ரேடியோவில் இங்கிலிசில்தான் பேசவேண்டும் என்பது விதி. ரயிலை நிறுத்திவைக்கும்படி விதிப்படியே சொன்னாள்.

பெனடிக்ற் ரயிலின் முழு நீளத்தையும் நடந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது. "உங்களோட கதைக்கிற அவசரத்தில இறங்கிட்டனக்கா."

"அதையும் என்ர தலையில போடும். முதல்ல மாத்தும்."

மாற்றினான். துசியந்தி மறுபடி விரலை நீட்டினாள். "பின்விளக்கு, சிவப்பு."

ரயில் நாலு நிமிடம் பிந்திப் போனது.

"பின்னால் போய்ப் பார்க்கும்படி இந்தச் சோதனையில் கேட்கவில்லையே," என்றாள் மிஸ் ஹார்லோ.

"அங்கே போகாமல் நான் ரயில் விடுவதில்லை," என்றாள் துசியந்தி தன் இங்கிலிசில், குரலைத் தாழ்த்தாமல்.

மிஸ் ஹார்லோ தடுப்புப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். நேரம் எழுதும் கட்டத்தில் நேரத்தை எழுதாமல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கீழே 'தேறினார்' என்று எழுதிப் பத்திரத்தை நீட்டினாள்.

கையெழுத்துக்கு விட்டிருந்த கட்டம் சிறியது. துசியந்தி யேசுரட்ணம் என்று ஓரெழுத்தும் சுருக்காமல் போட்டாள். பெயர் கட்டத்தைத் தாண்டி வெளியே போனது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.