மூன்றாம் மாடிக் கண்ணாடியின் உட்புறம்

1

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: உண்மை, நீதி, குற்றம் ஆகிய மூன்றையும் தலைகீழாகப் புரட்டிப் போடப்போகும் மாபெரும் கதை ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டேன். இதைப் படித்து முடித்தபின் நீங்கள் பழைய ஆளாக இருக்க மாட்டீர்கள். விமர்சகர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நீதிமன்றங்கள் கொஞ்ச நேரம் எழுந்து நிற்கும்.

இனி நடந்தது. இந்தக் கதையை என் மனைவியின் தங்கை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னாள். நான் எடுத்துக்கொண்டேன். என் சொந்தச் சரக்கு இதில் அரைப்புள்ளிகள் மட்டும்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பவுடர். திருட்டு நடந்த வீடுகளுக்குப் போய்க் கைரேகை எடுப்பது வேலை. போலீஸ் இல்லை. சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது; ஆறு வருடமாக ஒப்பந்தம், வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனால் சுவிட்சுப் பலகையில் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கும். பெயர் அப்படி வந்தது.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய அந்தக் காலையில், மரணத்தின் மௌனம் அறையெங்கும்

[நிறுத்து. பனி இல்லை. யாரும் சாகவும் இல்லை. ஒரு கைக்கடிகாரமும் சில நகைகளும் போயின.]

இரண்டாம் தொடக்கம்: "ஒவ்வொரு மனிதனும் தன் விதியைத் தன் விரல் நுனியிலேயே சுமந்து

[இது ஜோசியம். பவுடர் படித்தால் பொடி தூவும் தூரிகையாலேயே அடிப்பாள்.]

மூன்றாம் தொடக்கத்தை நான் யோசிக்கவில்லை. அவள் சொன்னது அது:

"அத்தான், ஒரு கார்டுல நான் எழுதினது சரியான்னு எனக்கே தெரியல."

"யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான். அதான் பயமா இருக்கு."

"சாப்பிடற இடத்துல திருட்டுப் பேச்சு வேணாம்" என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எதுக்கு இப்ப பேனாவத் தேடறீங்க?"

3

கொஞ்சம் தொழில். போரடித்தால் தாண்டிப் போகலாம். தாண்டினால் பிறகு என்னைக் கேட்கக் கூடாது.

கண்ணாடியில் பொடி தூவினால் ரேகை எழும்பும். அதன்மேல் டேப்பை ஒட்டி, உரித்து, வெள்ளை அட்டையில் ஒட்டவேண்டும். அட்டையின் பின்னால் தேதி, இடம், உட்புறமா வெளிப்புறமா என்று எழுதவேண்டும். ஒரு அட்டையை எழுதி முடிக்காமல் அடுத்த ரேகையைத் தொடக்கூடாது. இது விதி. கையுறையோடு பேனா பிடிக்க முடியாது, கையெல்லாம் பொடி, கீழே டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இன்னும் மூன்று வீடு பாக்கி. இது வேலை. அதனால் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். எல்லாரும். யாரும் சொல்வதில்லை.*

* எழுத்தாளர்களைப் பற்றியும் இதேதான்.

அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒரே ஜன்னல் கண்ணாடியில் இரண்டு ரேகைகள் எடுத்தாள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒன்று வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளையுடையது. இன்னொன்று, மாதத்துக்கொரு முறை வெளியே கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிற ஆளுடையது. துடைக்கிறவரின் அட்டையில் 'உட்புறம்' என்று இருந்தது. உள்ளே வரவே இல்லை என்று சொன்ன மனிதனின் விரல் உள்ளே. முடிந்தது கதை. அவர் சிறைக்குள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

சாட்சி சொல்லப் போகுமுன் கோப்பைப் புரட்டியபோதுதான் பவுடர் மற்ற அட்டையைப் பார்த்தாள். மாப்பிள்ளை: வெளிப்புறம்.

"மூணாவது மாடி அத்தான். பால்கனி கிடையாது. அவர் எப்படி வெளிய தொட்டாரு, பறந்தாரா?"

"நகர்த்துற ஜன்னல்தானே. கைய விட்டுத் தொட்டிருப்பாரு."

"தொட்டிருக்கலாம். ஆனா ரெண்டு கார்டையும் மாத்திப் பாருங்க. யாரும் பறக்கவும் வேணாம், கைய விடவும் வேணாம். துடைக்கிறவர் விரல் வெளிய, மாப்பிள்ளை விரல் உள்ள. ரெண்டும் இருக்கவேண்டிய இடத்துல இருக்கு."

"அப்ப திருடன் யாரு?"

"அது யாருக்கும் தெரியாது. அதான் பிடிக்க மாட்டேங்குது எல்லாருக்கும்."

புகைப்படம் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இருக்கிறது. பிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, படத்தில் தெளிவாகத் தெரிவது போட்டோக்காரரின் வயிறு. ரேகை யாருடையது என்பதை இரண்டாவது ஆள் ஒருவர் பூதக்கண்ணாடியோடு தனியாக உட்கார்ந்து சரிபார்ப்பார். எந்தப் பக்கம் என்பதைச் சரிபார்க்க ஆள் கிடையாது.

4

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். துடைக்கிறவரின் அக்கா.

என் பிரதியில் அவர் அலுவலக வாசலில் பவுடரின் கையைப் பிடித்துக் கதறுகிறார். மழையும் வைத்திருந்தேன். பவுடர் பிரதியை வாங்கி, தொழில் புத்தியில் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள்.

"அவங்க அழல. மழையும் பெய்யல."

"வேற என்ன செஞ்சாங்க?"

"கார்டு எழுதினது நீங்களாம்மான்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'அவனுக்குத் தாகம் எடுத்தா அந்தக் கண்ணாடியத் தட்டுவானாம்மா. உள்ள இருக்கிறவங்க திரைய இழுத்து விட்டுடுவாங்களாம். அந்த வீட்டுக்குள்ளயா போனான்?' அவ்வளவுதான் கேட்டாங்க. அப்புறம் ஜெயிலுக்கு எந்த பஸ்னு கேட்டாங்க."

"அழுதா கொஞ்சம் அழுத்தமா இருக்கும்."

"அத்தான், இதுல எது நான் சொன்னது, எது நீங்களாப் போட்டது?"

"கதையில அதெல்லாம் கலந்துதான் வரும். வீட்டுக்குப் போய் ஞாபகத்துலேருந்து எழுதறதுதானே."

அவள் பேனாவை மூடினாள். "கார்டுலயும் அதான் ஆச்சு."

[இந்த இடத்தில் ஆழமான ஒரு பத்தி இருந்தது. உண்மையின் பன்முகத்தன்மை பற்றியது. நீக்கிவிட்டேன். நன்றியை என் முகவரிக்கு அனுப்பலாம்.]

5

போன வியாழக்கிழமை பவுடர் தன் பிரிவுத் தலைவரிடம் கடிதம் கொடுத்தாள். எந்த அறிக்கையிலும் 'முழுத் திருப்தியுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அலுவலகத்தில் அவருக்கு முழுத் திருப்தி என்றே பெயர். படித்தார். திருப்தி இல்லை.

"உன் கையெழுத்துல இருக்கு. அப்புறம் என்னம்மா சந்தேகம்?"

"வண்டியில உக்காந்து எழுதினேன் சார். மாறியிருக்கலாம்."

"எல்லாரும் வண்டியிலதான் எழுதறோம்."

"அதையும் கடிதத்துல சேத்துக்கலாமா சார்?"

அவர் கடிதத்தை அவளிடமே திருப்பி நீட்டினார். "உன்னப் பத்தி மட்டும் எழுது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்க. இது ஒண்ண மாத்தினா, ஆறு வருஷமா நீ எழுதின அத்தனை கார்டையும் ஒவ்வொரு வக்கீலும் கேப்பான். ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. வெறும் சந்தேகத்த வச்சுக்கிட்டு யாரையும் வெளிய விட முடியாது. ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் இருந்தது. டேப்பை உரித்த பிறகும் கண்ணாடியில் மங்கலாக ரேகை மிச்சம் இருக்கும். டேப் ஒட்டிய இடம் சதுரமாகத் தெரியும். அந்தப் பொடி லேசில் போகாது. கண்ணாடி துடைக்கிறவரே சிறையில் இருக்கும்போது மூன்றாம் மாடிக் கண்ணாடியை யார் துடைப்பார்கள்? இன்னொரு முறை பார்த்தால் போதும். எந்தப் பக்கம் யாருடைய ரேகை என்பதைக் கண்ணாடியே சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். அனுமதி கிடைத்துவிட்டது, செவ்வாய் காலை பத்து மணிக்கு. ஒரு மாதமாக அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

"நீ எழுதினது தப்புன்னு ஆனா வேலை போயிடுமேடி" என்றாள் என் மனைவி.

"போனா போகட்டும்க்கா. ஞாபகத்த வச்சு ஒருத்தர உள்ள போட்டிருக்கேன். கண்ணாடியப் பாத்தாவது வெளிய விடறேன்."

6

முடிவுகள். விலைப்பட்டியல் இல்லை, பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அ. கண்ணாடி பேசுகிறது. துடைக்கிறவர் வெளியே வருகிறார். அவருடைய அக்கா [அழவில்லை] பஸ் ஏறுகிறார். பவுடருக்கு வேலை போகிறது.

ஆ. அட்டை சரியாகவே இருக்கிறது. அவர் உள்ளே வந்திருக்கிறார். பவுடருக்கு வேலை இருக்கிறது, முழுத் திருப்திக்கு முழுத் திருப்தி. அக்காவிடம் யார் போய்ச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

இ. மாப்பிள்ளை

[இதை எழுதி அடித்துவிட்டேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த வரியை நம்பாதீர்கள்.]

7

ஆரம்பத்திலிருந்தே நீங்கள் மாப்பிள்ளையைச் சந்தேகித்திருப்பீர்கள், கொஞ்சம் பவுடரையும். சந்தேகப்பட வேண்டிய ஆளை விட்டுவிட்டீர்கள்.

போன சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். முகவரியை அவள் சொல்லவில்லை. எதிரே பெட்ரோல் பங்க், மூலைக் கட்டடம் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் வெயில் எப்படி விழுகிறது என்று தெரியவேண்டியிருந்தது. ஒரு வர்ணனைக்காக. கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவன் என்று வீட்டு அம்மாவிடம் சொன்னேன். காபி கொடுத்தார்.

பொடி அப்படியே இருந்தது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டுகள், நடுவில் வெளிறிய சதுரங்கள். வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்தது. 'புகை பிடித்த நிலவு' என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். கிட்டே போய் ரேகையைப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. உவமை கிடைத்துவிட்டதே.

"அழகான வீடு, இது மட்டும் இன்னும் இப்படியே இருக்கே" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வர்றவங்க எல்லாம் இதத்தாங்க பாக்கறாங்க. எப்பவும் வர்ற ஆளும் இல்ல. யாரக் கூப்பிடறதுன்னே தெரியல."

அப்போது மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து வந்தார். தண்ணீர் குடித்தார். "எழுதறவரா நீங்க? எதப் பத்தி?" என்றார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "துடைச்சிடலாம்" என்று யாரோ சொன்னார்கள். அவரா, அம்மாவா? இதை நான் பலமுறை யோசித்துவிட்டேன். அவர் சொன்னது என்றால் அது ஒரு விஷயம். அம்மா சொன்னது என்றால் வெறும் வெட்கம். குறிப்பை நான் வீட்டுக்கு வந்துதான் எழுதினேன். குறிப்பில் 'அம்மா' என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

இனி வருவதில் சந்தேகமே இல்லை. போனை எடுத்து, கண்ணாடி துடைக்கும் வேறொரு கம்பெனியின் எண்ணைத் தேடி அந்த அம்மாவின் போனுக்கு அனுப்பியவன் நான். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு உண்டு. திங்கட்கிழமை வருவதாக அவர்கள் போனிலேயே சொன்னார்கள்.

அது சனிக்கிழமை. பவுடர் வந்து சொன்னது ஞாயிற்றுக்கிழமை. இரண்டுக்கும் பிறகுதான் திங்கட்கிழமை வரும், காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம். எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்றதை எழுதியதோடு நிற்காமல் அந்த வீட்டுக்கே போய் நின்றது வெளியே வரும். 'அன்று என் நெஞ்சில் ஒரு பெரும் போராட்டம்' என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். போராட்டமெல்லாம் இல்லை. இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்டேன்.

8

இப்போது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்து. பவுடர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். கதையை ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்று இனி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் ஆளைப் போன் செய்யச் சொல்லி யாரும் தொந்தரவு செய்வதில்லை.

கூப்பிட்டுச் சொல்லலாம். நானே முழுத் திருப்தியிடம் போய், பொடியைப் பார்த்த கடைசி ஆள் நான், துடைக்க ஏற்பாடு செய்ததும் நான் என்று எழுதிக் கொடுக்கலாம். எந்தச் சதுரம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். புகை பிடித்த நிலவு என்று சொல்வேனா? அல்லது இந்தப் பக்கங்களை அடுக்கி, கிளிப் போட்டு, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, மாலையில் அவள் வந்து சொல்லும்போது ஆச்சரியப்படலாம். ஆச்சரியப்படுவது எனக்கு நன்றாக வரும்.

நீங்கள் முடிவு செய்யுங்கள். நாற்பத்தொரு நாள் உள்ளே இருக்கிறவர் என்ன ஆவார் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும்.

நேற்று மாலை அந்த அம்மா நன்றி சொல்லிப் படம் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது.